எட்டு அளவுகோல், ஒரு சாய்தளம்: சேவைவழிக் கற்றல் தரநிலைகளை வகுப்பில் வைத்துப் பார்த்தால்

பள்ளிகளில் சமூகசேவை என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் ஒருநாள் சமாச்சாரம். காலையில் துடைப்பமும் கையுறையும், மதியம் குழுப்படம், மறுநாள் அறிவிப்புப் பலகையில் நான்கு வரி. சேவை கொஞ்சம் நடந்திருக்கும். பாடம் நடந்திருக்காது. இரண்டையும் ஒரே வேலையாகச் செய்ய வைக்கும் முயற்சிக்குத்தான் சேவைவழிக் கற்றல் என்று பெயர். அதற்கான கருவிகளில் ஆசிரியர் பயிற்சிகளில் அடிக்கடி அடிபடுவது, அமெரிக்காவின் தேசிய இளையோர் தலைமைத்துவ மன்றம் 2008-ல் வெளியிட்ட தரநிலைகள். மழலையர் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை பொருந்தும்படி எழுதப்பட்ட சிறிய ஆவணம். எட்டுத் தலைப்புகள், ஒவ்வொன்றின் கீழும் அது நிறைவேறியதா என்று பார்க்க உதவும் சில குறிப்பான்கள், அவ்வளவுதான்.

எட்டும் இவை: பொருளுள்ள சேவை, பாடத்திட்டப் பிணைப்பு, மீள்சிந்தனை, பன்முகத்தன்மை, மாணவர் குரல், பங்காளர் உறவு (பள்ளிக்கு வெளியே சேர்ந்து வேலை செய்பவர்களோடு), முன்னேற்றக் கண்காணிப்பு, காலமும் செறிவும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். திட்டம் தீட்டும் கட்டத்தில் இது நல்ல கருவி. வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது பெரிதாகக் கைகொடுக்காது. அச்சிட்ட வரிசையிலேயே பின்பற்றினால் குழப்பும். எட்டுக்கும் ஒரே எடை என்று நினைத்துக்கொண்டால் தோற்கும்.

மணிக்கணக்கு முறையோடு ஒப்பிட்டால்

இதற்கு மாற்றாகப் பள்ளிகள் கையில் எடுப்பது மணிக்கணக்கு. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 1992-ல் பள்ளிப் படிப்பை முடிப்பதற்கு 75 மணி நேரச் சேவைக்கற்றலைக் கட்டாயமாக்கியது. கனடாவின் ஒண்டாரியோவில் 40 மணி நேரம். இந்தியாவில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி, இரண்டு ஆண்டில் 240, கூடவே 7 நாள் சிறப்பு முகாம். எண்ணுவது எளிது, சான்றிதழ் அச்சடிப்பது எளிது. நிர்வாகத்துக்கு இதைவிட வசதியான முறை கிடையாது.

கோளாறும் அந்த வசதியிலேயே இருக்கிறது. மணி இலக்கு வந்துவிட்டால் மாணவர் தேடுவது பயனுள்ள வேலையை அல்ல, கையெழுத்துப் போடும் ஆளை. கடைசிப் பருவத்தில் மணிகள் குவியும். ஒரே மாதிரி எளிய வேலைகளே திரும்பத் திரும்ப வரும். மேரிலாந்தின் விதி வெறும் மணியோடு நிற்கவில்லை. தயாரிப்பு, செயல், மீள்சிந்தனை மூன்றும் வேண்டும் என்கிறது, பல மாவட்டங்கள் பாடவேளைக்குள்ளேயே அதை நுழைத்தும் வைத்திருக்கின்றன. ஆனால் இதைப் பார்த்து நகலெடுக்கிற பள்ளிகள் 75 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகின்றன. பல நாட்டுப் பள்ளிகளில் நடக்கும் சர்வதேச பக்காலரேட் அமைப்பின் பட்டயப் படிப்பில் உள்ள சேவைப் பிரிவு வேறு வழியில் போகிறது. மணி எண்ணுவதை ஊக்குவிப்பதில்லை. 18 மாதத் தொடர்ச்சியையும், குறைந்தது ஒரு மாதம் நீடிக்கும் ஒரு கூட்டுத் திட்டத்தையும் கேட்கிறது. இந்த இரண்டில் பின்னதுதான் அறிவுடையது என்பது எங்கள் கணிப்பு.

2008 தரநிலைகள் எண்ணே சொல்வதில்லை. காலமும் செறிவும் பற்றிய பகுதி, பல வாரங்களோ மாதங்களோ நீடிக்கும் செறிவான நேரத் தொகுதிகளைக் கேட்கிறது. சரியான கருத்துதான். ஆனால் கால அட்டவணை போடும் தலைமையாசிரியரிடம் "செறிவான நேரத் தொகுதி" என்று போய் நின்றால் என்ன கிடைக்கும்? வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை கிடைக்கும். இந்த இடத்தில் எண்ணோடு போவதே நல்லது, அந்த எண் எப்படி வருகிறது என்பதைக் கீழே பார்க்கலாம்.

வரிசையை மாற்றுங்கள்

ஆவணம் "பொருளுள்ள சேவை"யில் தொடங்குகிறது. படிக்க அழகாக இருக்கும். நடைமுறையில் ஆசிரியர்கள் அங்கிருந்து தொடங்கினால் நல்லெண்ணம் நிறைந்த ஒரு பட்டியல் வரும்: மரம் நடுதல், முதியோர் இல்லம், பிளாஸ்டிக் ஒழிப்பு. அதற்குப் பிறகு பாடத்தைத் தேடி ஒட்டவேண்டிய நிலை. ஒட்டுப்போட்ட இடம் எப்போதும் தெரியும். மரக்கன்று நட்டதற்கு அறிவியலில் ஒளிச்சேர்க்கை, தமிழில் மரம் பற்றி ஒரு கட்டுரை. இதில் எந்தப் பாடமும் மரம் நடாமலேயே நடந்திருக்கும்.

இரண்டாவது தரநிலையில் இருந்து தொடங்கினால் வேலை சுலபம். இந்தப் பருவத்தில் நடத்தவேண்டிய அலகுகளில், வெளியே போய் அளக்க, கேட்க, எண்ண, எழுத வேண்டிய தேவை எதற்கு உண்மையிலேயே இருக்கிறது? முக்கோணவியல், புள்ளியியல், நீர் மாசு, கடிதம் எழுதுதல், உள்ளாட்சி அமைப்பு ஆகியவை கைக்கெட்டிய தூரத்தில் இருப்பவை. அதை முடிவு செய்த பிறகு முதல் தரநிலைக்கு வரலாம்.

பிணைப்பு உண்மையானதா என்று பார்க்க ஆவணத்தில் இல்லாத ஒரு சோதனை உண்டு, ஆனால் ஆவணத்தின் குறிப்பான்களைவிட வேகமாக வேலை செய்யும். பாடத்தை எடுத்துவிட்டால் சேவை நின்றுபோகிறதா? சேவையை எடுத்துவிட்டால் பாடம் குறைபடுகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால்தான் பிணைப்பு. தெருச் சுத்தம் முதல் கேள்வியிலேயே தோற்கும், ஏனென்றால் எதுவும் படிக்காதவரும் அதைச் செய்யலாம். அதையே ஒரு சதுர மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, குப்பையை வகை பிரித்து, எடை போட்டு, எந்த வகை எங்கே அதிகம், அது எங்கிருந்து வருகிறது என்று வரைபடத்தில் குறித்து, குப்பைத்தொட்டியின் இடத்தை மாற்றச் சொல்லிப் பரிந்துரைத்தால் தேறும். புள்ளியியல் தெரியாமல் அந்தப் பரிந்துரை எழுத முடியாது.

ஒரு திட்டத்தை முழுதாக ஓடவிட்டுப் பார்ப்போம்

எட்டுத் தரநிலைகளையும் உரசிப் பார்க்க நல்ல திட்டம், பள்ளியைச் சுற்றியுள்ள பொதுக் கட்டடங்களில் சக்கர நாற்காலிக்கான சாய்தளங்களை அளப்பது. உயர்நிலை வகுப்பு, முக்கோணவியல் அலகு. சேவை என்றால் நேரடியாகப் போய்க் கைகொடுப்பது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். நேரடிச் சேவை, மறைமுகச் சேவை, பரப்புரை, ஆய்வு என நான்கு வகையைச் சர்வதேச பக்காலரேட் ஏற்றுக்கொள்கிறது. இது கடைசி இரண்டின் கலவை.

36 மாணவர்கள், ஆறு பேர் கொண்ட ஆறு குழு. ஒவ்வொரு குழுவிலும் இருவர் டேப், ஒருவர் நேர்ப்பலகையும் ரசமட்டமும், ஒருவர் பதிவு, ஒருவர் படம், ஒருவர் போக்குவரத்தைக் கவனிப்பவர். இரண்டு குழுவுக்கு ஒரு பெரியவர் போதும். கருவிகள்: 5 மீட்டர் எஃகு டேப் (துணி டேப் இழுபடும்), சரியாக 1 மீட்டர் நீளமுள்ள வளையாத நேர்ப்பலகை, ரசமட்டம், சாக்பீஸ், அட்டை.

அளக்கும் முறை இதுதான். பலகையின் ஒரு முனையைச் சாய்தளத்தின் மேற்பக்கமாகத் தரையில் ஊன்றி, மறுமுனையைக் கீழ்ப்பக்கமாக நீட்டி, ரசமட்டக் குமிழி நடுவில் நிற்கும்வரை தூக்கிப் பிடிக்க வேண்டும். தூக்கிய முனைக்கும் தரைக்கும் உள்ள செங்குத்து இடைவெளியைச் சென்டிமீட்டரில் அளந்தால், அந்த எண்தான் 100-க்கு இத்தனை என்ற சரிவு. அமெரிக்காவின் 2010 அணுகல் வடிவமைப்புத் தரநிலை 1:12-க்கு (12 மீட்டர் கிடைத்தூரத்துக்கு 1 மீட்டர் உயரம்) மேல் செங்குத்தாக இருக்கக்கூடாது என்கிறது. அதாவது இடைவெளி 8.3 செ.மீ.யைத் தாண்டக்கூடாது. உங்கள் இடத்தில் எந்தக் கட்டட விதி நடைமுறையில் இருக்கிறதோ அதன் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். விதிநூலைத் தேடி எடுப்பதையே ஒரு குழுவுக்கு வேலையாகக் கொடுக்கலாம்.

தவறு நடக்கும் இடங்கள் எல்லாம் பாடமாகிற இடங்கள்.

முதலாவது, டேப்பைச் சாய்வின் மேலேயே படுக்க வைத்து நீளம் எடுப்பது. அப்படிச் செய்தால் கிடைப்பது கர்ணம், கணக்கில் வருவது டேன் அல்ல, சைன். 1:12 சரிவில் இரண்டுக்கும் வித்தியாசம் அரை சதவீதத்துக்கும் குறைவு, யாரும் கவனிக்க மாட்டார்கள். கடைவாசலில் பார்க்கும் 1:3 மாதிரியான செங்குத்துச் சரிவில் 5 சதவீதத்தைத் தாண்டும். இரண்டையும் வகுப்பில் கணக்கிட்டுக் காட்டினால், சிறு கோணங்களில் சைனும் டேனும் ஏன் ஒட்டிக்கொண்டே போகின்றன என்பது தனியாக நடத்தாமலே விளங்கிவிடும்.

இரண்டாவது, கைபேசியின் கோணமானிச் செயலி. முழுப் பாகையில் காட்டும் செயலியை நம்பவே கூடாது. 1:12 என்பது 4.76 பாகை. ஒரு பாகை கூடிவிட்டால் 5.76, சரிவு கிட்டத்தட்ட 1:10. விதிக்கு உட்பட்ட சாய்தளம் மீறிய சாய்தளமாகிவிடும். போதாக்குறைக்குக் கைபேசியின் பின்பக்கக் கேமரா மேடு அதைச் சாய்த்தே உட்காரவைக்கும். பலகையின்மேல் விளிம்பை வைத்து அளந்தால் ஓரளவு தப்பலாம். ரசமட்டத்தையும் சும்மா நம்பவேண்டாம். அதே இடத்தில் இடவலமாகத் திருப்பி வைத்து, குமிழி அதே கோட்டில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே எடுத்துப் போகவேண்டும்.

மூன்றாவது மிகச் சுவையானது: சராசரி. சாய்தளத்தின் அடியில் 12, நடுவில் 7, உச்சியில் 5 என்று மூன்று அளவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 8, விதிப்படி தேர்ச்சி. ஆனால் அடியில் ஏறத்தாழ 1:8. நாற்காலியில் வருபவர் அந்த முதல் மீட்டரிலேயே நின்றுவிடலாம், மேலே எத்தனை மென்மையாக இருந்தாலும் அவருக்குப் பயனில்லை. இந்த இடத்தில் சராசரி பொய் சொல்கிறது, பெருமம் உண்மை சொல்கிறது. புள்ளியியல் அலகில் இதைவிட நல்ல கணக்கைப் பாடநூலில் பார்ப்பது கடினம்.

பிறகு சில்லறைக் குறிப்புகள். தரையும் சாய்தளமும் சேரும் இடத்தில் உள்ள விளிம்பைத் தனியாக அளக்க வேண்டும். நாற்காலியின் முன்னால் இருக்கும் சின்னச் சக்கரம் 2 செ.மீ. உயரத்திலேயே முட்டிக்கொள்ளக்கூடும். கதவின் அகலத்தைச் சட்டத்துக்குச் சட்டம் அளந்தால் தவறு. கதவை 90 பாகை திறந்துவைத்து, கதவின் முகப்புக்கும் எதிர்ப்பக்கச் சட்டத்துக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தை அளக்க வேண்டும். அதே அமெரிக்கத் தரநிலை அங்கே கேட்பது 815 மி.மீ. பதிவுத்தாளில் "சரி / சரியில்லை" என்ற பத்தி வேண்டவே வேண்டாம், எண் மட்டும் போதும். தீர்ப்பு வகுப்பறைக்குத் திரும்பிய பிறகு.

மூன்று படிக்கட்டு, ஒவ்வொன்றும் 15 செ.மீ. என்றால் 45 செ.மீ. உயரம். அதற்கு 1:12-ல் சாய்தளம் போட 5.4 மீட்டர் நீளம் தேவை. இந்த எண் வந்ததும் வகுப்பு அமைதியாகிவிடும். "ஒரு பலகையைப் போட்டா முடிஞ்சது" என்று நினைத்தவர்களுக்கு இடப் பற்றாக்குறை, திருப்பம், செலவு எல்லாம் ஒரே வகுத்தலில் புரிய வரும். உரிமையாளர் சோம்பேறி என்ற முதல் எண்ணமும் கொஞ்சம் தளரும்.

நேரம்

இந்தத் திட்டத்துக்கு 8 வாரம், வாரத்துக்கு 2 பாடவேளை, மொத்தம் 16. தேவையை விசாரிக்க 3, விதியும் அளவுப் பயிற்சியும் 3, களம் 4, கணக்கும் வரைபடமும் 3, கடிதமும் முன்வைப்பும் 3. களத்துக்கான நான்கும் இரண்டு இரட்டைப் பாடவேளைகளாக இருக்க வேண்டும், இதில் சமரசம் கூடாது. 40 நிமிடப் பாடவேளையில் போக 10, வர 10 போனால் மிஞ்சுவது 20 நிமிடம். ரசமட்டத்தைச் சரிபார்க்கவே அது போய்விடும். தலைமையாசிரியரிடம் இந்தக் கணக்கைக் காட்டினால் இரட்டைப் பாடவேளை கிடைக்கும். தரநிலையைக் காட்டினால் கிடைக்காது.

தேர்வு அட்டவணையை முதலில் எடுத்துப் பாருங்கள். 8 வாரத் திட்டத்தின் நடுவில் பருவத் தேர்வு வந்தால் அது 8 வாரத் திட்டம் அல்ல, இரண்டு அரைகுறைத் திட்டம். சாய்தளத்துக்கு இதனால் பெரிய நட்டம் இல்லை. சிறு குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டும் திட்டம் போன்றவற்றில் நட்டம் எதிர்ப்பக்கத்துக்கு. பழகிய அக்காவும் அண்ணனும் சொல்லாமல் கொள்ளாமல் மூன்று வாரம் வராமல் போனால், தொடங்காமலே இருந்திருக்கலாம். ஆவணம் காலத்தைப் பற்றிப் பேசும்போது தேவை நிறைவேறப் போதிய காலம் வேண்டும் என்கிறது, ஆனால் திடீர் நிறுத்தத்தின் பாதிப்பைக் கவனிக்கவில்லை.

மீள்சிந்தனை: ஆவணத்தின் பலம், பள்ளியின் பலவீனம்

எட்டில் மிகத் தெளிவாக எழுதப்பட்டிருப்பது இதுதான். சேவைக்கு முன்பும், நடக்கும்போதும், முடிந்த பின்பும் தொடர்ந்து நடக்கவேண்டும் என்கிறது. பள்ளிகளில் நடப்பதோ கடைசி நாளில் ஒரு பக்கக் கட்டுரை. "மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது. நிறையக் கற்றுக்கொண்டேன். இதுபோன்ற வாய்ப்பை அளித்த பள்ளிக்கு நன்றி." முப்பத்தாறு பேரும் இதையே எழுதுவார்கள், ஏனென்றால் கேள்வி அப்படி: "உங்கள் அனுபவத்தை எழுதுக."

கேள்வியைக் கூராக்கினால் பதில் மாறும். அமெரிக்கக் கல்வியாளர் டெர்ரி போர்ட்டன் 1970-ல் முன்வைத்த மூன்று கேள்விகள் இன்றும் தாக்குப்பிடிக்கின்றன: என்ன நடந்தது, அதனால் என்ன, இனி என்ன. அவற்றைப் பொதுவாகக் கேட்காமல் அந்த வாரத்தின் வேலையோடு கட்ட வேண்டும். களத்துக்குப் போகும் முன்: "எந்தக் கட்டடம் மோசமாக இருக்கும் என்று நினைக்கிறாய், ஏன்?" களம் முடிந்த அன்று: "உன் குழுவின் எந்த அளவை நீ நம்பவில்லை?" கணக்கு முடிந்ததும்: "எந்த எண்ணைக் கடிதத்தில் போடாமல் விடலாம் என்று பேசினீர்கள்? ஏன் விட்டீர்கள்?" இந்தக் கேள்விகளுக்கு "மகிழ்ச்சியாக இருந்தது" என்று பதில் எழுதவே முடியாது.

நேரம் வாரம் 15 நிமிடம், வகுப்பிலேயே. வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் யாரோ எழுதியதுதான் வரும். 36 பேர், 6 வாரம் என்றால் 216 குறிப்புகள். எந்த ஆசிரியரும் அத்தனையையும் படிக்க மாட்டார், படிப்பதாக நடிக்கவும் வேண்டாம். வாரம் ஒரு குழுவின் ஆறு குறிப்புகளை முழுதாகப் படித்து எழுத்தில் பதில் கொடுங்கள், மற்றவற்றை ஒரு பார்வை. ஆறு வாரத்தில் எல்லோருக்கும் ஒரு முறை உண்மையான பதில் கிடைத்துவிடும்.

பங்காளர், பன்முகம், மாணவர் குரல்

பங்காளர் உறவு பற்றிய குறிப்பான்கள் பரஸ்பரப் பயன், தொடர்ந்த பேச்சு, பகிர்ந்த நோக்கு என்று வரிசையாகச் சொல்கின்றன. பங்காளருக்கு ஆகும் செலவைப் பற்றி அழுத்தமான பேச்சு இல்லை. ஆறு குழு தனித்தனியாக ஓர் அமைப்பைத் தொடர்புகொண்டால், அங்கே இருக்கும் ஒரே ஊழியருக்கு ஒரு வாரம் போச்சு. வகுப்புக்கு ஒரே தொடர்பாளர், கேள்விகள் ஒரே தாளில், சந்திப்பு இரண்டே முறை என்று முதலிலேயே எழுதிக்கொள்வது நல்லது. "உங்களுக்கு எங்களால் என்ன உதவி?" என்று கேட்பதைவிட, "எங்களால் இந்த மூன்றைச் செய்ய முடியும், இதில் எது பயன்படும், எதுவும் வேண்டாமா?" என்று கேட்பது மேல். கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். வேண்டாம் என்று சொல்ல இடம் கொடுக்காத உதவி தொல்லைதான்.

சாய்தளத் திட்டத்தில் பங்காளர் என்றால் சக்கர நாற்காலி பயன்படுத்துபவர்கள். அளக்கவேண்டிய கட்டடங்களின் பட்டியலை அவர்களே தரவேண்டும். மாணவர் போட்டால் பெரிய அலுவலகங்கள் வரும், அவர்கள் போட்டால் மருந்துக்கடையும் தபால் நிலையமும் வரும். மாணவர்களை நாற்காலியில் உட்காரவைத்து "அனுபவிக்க" வைக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். உளவியலாளர் மிஷெல் நாரியோ-ரெட்மண்டும் உடன் ஆய்வாளர்களும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய பாவனைப் பயிற்சிக்குப் பிறகு பங்கேற்றவர்களிடம் உதவியற்ற உணர்வும் சங்கடமும் கூடின. பரிவு கொஞ்சம் ஏறியது, ஆனால் மாற்றுத்திறனாளிகளோடு பழகும் மனப்பாங்கு மேம்படவில்லை. பன்முகத்தன்மைத் தரநிலையை நிறைவேற்றியதாகப் பள்ளிகள் காட்டும் முதல் படமே பெரும்பாலும் இந்தப் பயிற்சிதான் என்பதையும் சொல்லவேண்டும்.

மாணவர் குரலும் பாடத்திட்டப் பிணைப்பும் நடைமுறையில் மோதும். மாணவர்கள் தெருநாய்களுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்பார்கள், ஆசிரியருக்கு முக்கோணவியல் முடிக்கவேண்டும். ஆவணம் இரண்டையும் அடுத்தடுத்து நிறுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. தீர்வு முடிவுகளைப் பங்கு பிரிப்பதில் இருக்கிறது. கற்றல் இலக்கும் பாதுகாப்பும் ஆசிரியர் கையில். இடம், அளக்கும் முறை, முடிவை யாரிடம் சொல்வது, எந்த வடிவில் சொல்வது ஆகிய நான்கும் மாணவர் கையில். இதை முதல் நாளே கரும்பலகையில் எழுதிவிட வேண்டும். எல்லாமே உங்கள் விருப்பம் என்று சொல்லிவிட்டு மூன்றாம் வாரத்தில் கையைப் பிடித்து இழுத்தால், அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஆதாரம் எதற்கு இருக்கிறது?

எட்டுக்கும் சம எடை கிடையாது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சீலியோ, டர்லாக், டிம்னிக்கி என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2011-ல் 62 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தன்னைப் பற்றிய எண்ணம், பள்ளி மீதான எண்ணம், குடிமைப் பங்கேற்பு, சமூகத் திறன், கல்வி அடைவு ஆகிய ஐந்திலும் முன்னேற்றம் தெரிந்தது. விளைவின் அளவு (திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கும் சேராதவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தைத் திட்டவிலக்க அலகில் சொல்லும் எண்) 0.27-லிருந்து 0.43 வரை. பாடத்தோடு பிணைத்தல், மாணவர் குரல், சமூகத்தின் ஈடுபாடு (எட்டில் இது பங்காளர் உறவு), மீள்சிந்தனை ஆகிய நான்கு நடைமுறைகளும் உள்ள திட்டங்களில் பலன் கூடுதல் என்பதும் அவர்களின் முடிவு. இந்த நான்கைக் கட்டாயமாக எடுத்துக்கொண்டு, மற்ற நான்கை அவற்றின் துணையாக வைத்துக்கொள்வது நியாயமான வழி.

முன்னேற்றக் கண்காணிப்பை மட்டும் ஒரு வரியில் தாண்டிப் போகமுடியாது, ஏனென்றால் மதிப்பெண் அங்கேதான் சிக்கும். நல்ல மனதுக்கு மதிப்பெண் போடாதீர்கள், செலவிட்ட மணிக்கும் போடாதீர்கள். ஒரே சாய்தளத்தை இரண்டு குழுக்கள் தனித்தனியாக அளக்கட்டும். வித்தியாசம் 5 மி.மீ.க்கு மேல் போனால் மறு அளவு. துல்லியத்துக்கு ஒரு பங்கு, கணக்குக்கு ஒரு பங்கு, கடிதத்துக்கு ஒரு பங்கு, தன் அளவில் உள்ள ஐயத்தை நேர்மையாக எழுதியதற்கு ஒரு பங்கு. உரிமையாளர் சாய்தளத்தைத் திருத்தினாரா என்பது மாணவர் மதிப்பெண்ணில் சேரக்கூடாது.

ஆவணத்தில் இல்லாதவை

பெரிய குறை பாதுகாப்பு. பெற்றோர் ஒப்புதல், வழித்தடம், பெரியவர் எண்ணிக்கை, முதலுதவி, பிறரைப் படமெடுக்க அனுமதி எதுவும் எட்டுக்குள் தனித் தலைப்பாக இல்லை. ஒன்பதாவது அளவுகோலாக நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும். அடுத்தது, சம்பளம் கொடுத்துச் செய்யவேண்டிய வேலையை இலவசமாக மாணவர் தலையில் கட்டும் ஆபத்து. பள்ளியின் கழிப்பறையைக் கழுவ வைப்பது சேவைக்கற்றல் ஆகாது. இதைத் தடுக்கும் வரி ஆவணத்தில் நேரடியாக இல்லை. மூன்றாவது, மொழி. குறிப்பான்கள் நிர்வாக நடையில் இருக்கின்றன, தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒவ்வொன்றையும் தன் வகுப்புக்கு ஏற்ற கேள்வியாக மாற்றி எழுதாமல் பயன்படுத்த முடியாது.

ஒரு பாராட்டும் சொல்ல வேண்டும். பள்ளியில் நடக்கும் சேவைக்கற்றல் நிர்வாகக் கொள்கையிலும் மாணவர் பதிவேட்டிலும் முறையாக இடம்பெற வேண்டும் என்று பாடத்திட்டப் பிணைப்பின் கீழ் ஒரு குறிப்பான் இருக்கிறது. எளிதில் கண்ணில் படாத வரி. ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் மாற்றலாகிப் போனதும் திட்டமும் கூடவே போய்விடுவதற்கு இதுதான் மருந்து.

யார் எடுத்துக்கொள்ளலாம்?

ஒரு வகுப்பு, ஒரு அலகு, ஒரு பருவம் என்று சின்னதாகத் தொடங்க நினைக்கும் ஆசிரியருக்கு இது பொருந்தும். இரண்டு பாட ஆசிரியர்கள் சேர்ந்தால் இன்னும் நல்லது. சாய்தளத்தில் கணக்கு ஆசிரியரும் மொழி ஆசிரியரும் சேர்ந்தால் கடிதத்துக்கான பாடவேளைகள் மொழி வகுப்பிலிருந்தே வந்துவிடும். பள்ளி முழுவதற்கும் ஒரே நாளில் கொண்டுவர நினைப்பவர்களுக்கும், ஆண்டு விழாவில் காட்ட எண்ணிக்கை மட்டும் வேண்டும் என்பவர்களுக்கும் இது சரிப்படாது. அவர்களுக்கு மணிக்கணக்கே போதும்.

கடிதம் எழுதும்போது மூன்று விஷயம் இருக்கட்டும்: அளந்த எண், விதியின் எண், கேட்கும் திருத்தம். திருத்தம் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். 5.4 மீட்டர் சாய்தளம் கட்டுங்கள் என்பதற்குப் பதில் வராமல் போகலாம். கீழ் விளிம்பில் உள்ள 2 செ.மீ. உயரத்தைச் சிமென்ட் கலவையால் சரிவாக்குங்கள் என்பதற்கு வர வாய்ப்பு அதிகம். எந்தத் தேதிக்குள் பதில் எதிர்பார்க்கிறோம் என்றும் எழுதி, அந்தத் தேதியை வகுப்பு நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். பதில் வராவிட்டால் நினைவூட்டல் எழுதப்போகும் இருவரின் பெயரும் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும். அளவுத்தாள், படம், கடித நகல் மூன்றையும் ஒரே கோப்பில் போட்டு, அடுத்த ஆண்டு அந்த அலகை நடத்தப்போகும் ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டால், அந்த வகுப்பு அதே சாய்தளங்களை மறுபடி அளப்பதிலிருந்தே தொடங்கலாம்.